கெமாலியேயில் உன் பால் அம்மாவைத் தேடிப் போனோம்

என் கண்ணின் மணி குல்ச்சினுக்கு,

முதலில் உனக்கு என் சலாம், அதற்குப் பிறகு உன் இரண்டு கண்களிலும் முத்தம். இறைவன் கருணையால் நானும் உன் அப்பாவும் கைசேரியில் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் வலியும் உன் அப்பாவின் வாயும் மட்டும் வழக்கம்போல ஓயவில்லை. ஹாம்பர்க்கில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய, இங்கிருந்து வந்து பார்க்கவா முடிகிறது. நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். கல்யாண மண்டபத்துக்கு நாள் குறிக்கட்டுமா என்று ஆசையாகக் கேட்ட பெண்ணிடம், ஏன் எதற்கு என்று சொல்லாமல் கொஞ்சம் பொறு என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடும், நீ அழாமல் சொல்லும்மா என்பாய், அதைக் கேட்டு இன்னும் அழுவேன், கடைசியில் உன் அப்பா போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். மேல் வீட்டுப் பெரிஹானின் மகன் நாளை விமானம் ஏறுகிறான், மாலைக்குள் இது உன் கையில் இருக்கும். ஒரு வேண்டுகோள், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. நாங்கள் பட்ட பாட்டை வரிசையாக நீயும் கொஞ்சம் படு.

நீ ஒக்தாயைப் பற்றிச் சொன்ன அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நல்ல வேலை, சிகரெட் இல்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான், வேறென்ன வேண்டும். உன் அப்பாகூட ஜெர்மானியன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருவாளோ என்று பயந்தேன், பரவாயில்லை என்று மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். ஒக்தாய் வளர்ந்தது இஸ்தான்புல்லில் என்றாலும் பிறந்தது கெமாலியேயில், அவன் அம்மா அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் போன வருடம் காலமானார், ஊரோடு இப்போது அவனுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாய். கெமாலியே என்று உன் வாயில் வந்ததும் எனக்கு ஒரு பழைய பனிக்காலம் கண்முன் வந்து நின்றது. நான் பேச்சை மாற்றி அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். ஜூன் மாதத்தில் குளிரைப் பற்றிக் கேட்கிறாளே என்று நீ சிரித்தாய்.

உனக்குச் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. நீ நாலு மாதக் குழந்தை. உன் அப்பாவுக்கு இலிச் ஊர்ப் பள்ளியிலிருந்து அரப்கிருக்கு மாற்றல் வந்தது, அதுவும் நல்ல குளிர்காலத்தில். வாத்தியார் வேலை என்றால் எப்போது எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு மினிபஸ்ஸில் கிளம்பினோம், கெமாலியேக்கு வந்ததும் மேலே மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது, இனி திறந்தால்தான் போகலாம் என்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் எங்களை ஓட்டல் தேட விடவில்லை. ஆண்களை ஒரு பக்கம் பெண்களை ஒரு பக்கமாக வீடுகளுக்குப் பங்குபோட்டு அழைத்துக்கொண்டு போனார்கள். இறைவன் அனுப்பிய விருந்தாளியிடம் நீ யார், எந்த ஊர், எப்போது கிளம்புவாய் என்று கேட்பதில்லை அல்லவா, அவர்களும் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தெம்பில்லை. வரும்போதே காய்ச்சல், அந்த வீட்டில் கால் வைத்ததும் விழுந்துவிட்டேன். மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. நீ வீடே அதிரக் கத்துகிறாய். அப்போது அந்த வீட்டு மருமகள் உன்னை என் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனாள், சற்று நேரத்தில் உன் சத்தம் அடங்கியது. பாதை திறக்கும்வரை அவள்தான் உனக்குப் பால் கொடுத்தாள்.

அவள் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்த வீட்டில் மாமியார் முதல் எல்லாரும் அவளை மருமகளே என்றுதான் கூப்பிட்டார்கள். அவளோ மாமனார் மாமியார் காதில் குரல் விழக்கூடாது என்று வாய்வரை வெள்ளைத் துணியை இழுத்து மூடிக்கொண்டு, வேண்டியதைச் சைகையில் சொல்லும் பழைய கட்டுப்பாட்டில் இருந்தாள். நானே என் மாமியார் வீட்டில் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன், அதனால் விசித்திரமாகவும் படவில்லை. காய்ச்சலில் நான் பார்த்தது ஒரு ஜோடிக் கண்ணும் உன்னை வாங்கும் இரண்டு கையும்தான். இப்போது புரிகிறதா உன் அம்மா ஏன் பொறு என்றாள் என்று. ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள், அண்ணன் தங்கைக்குள் கல்யாணம் ஏது, ஜெர்மனி போனாலும் அமெரிக்கா போனாலும் இது மாறாது. நீ பால் குடித்தது கெமாலியேயில், ஒக்தாய் பிறந்ததும் கெமாலியேயில், அப்போது அவனுக்கு மூன்று வயது இருக்கும், உனக்குப் பால் கொடுத்தவள் அவனுடைய அம்மாவாக இருந்துவிட்டால்? சின்ன ஊரடி அது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அந்தப் புண்ணியவதி மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம் ஆகிறது.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த நாட்களில் தன்னை டீக்கடைக்கு மேலே ஓர் அறையில் போட்டுவிட்டார்கள், உன்னைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, பாதை திறந்ததும் குழந்தை கன்னம் உப்பியிருந்ததைப் பார்த்து எனக்குத்தான் நன்றி சொன்னதாகச் சொன்னார். பார், அந்த நன்றிகூடத் தப்பான விலாசத்துக்குப் போயிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அலமாரிமேல் இருந்த பையை இறக்கிவிட்டார். "அம்மணி, நீ உன் மருமகளைத் தேடு, நான் அந்த இருட்டுப் பள்ளத்தாக்கைப் பாத்துட்டு வரேன், எத்தனை வருஷமா டிவியில மட்டுமே காட்டிட்டு இருக்காங்க" என்றார். எனக்கு உயிர் போகிறது, இவருக்கு ஊர் சுற்றுகிற ஆசை. ஆனால் பேருந்தில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார், அதையும் எழுதிவிடுகிறேன்.

திவ்ரியிக்குப் பிறகு கல் பாதை வழியாகப் போனோம். நாங்கள் அந்தக் காலத்தில் வந்தபோது இந்தப் பாதை முழுசாக முடியவில்லை, ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உளியும் சுத்தியலும் வைத்து மலையைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். இப்போது வண்டி போகிறது, ஆனால் போகிறது என்பதோடு சரி. குகைக்குள்ளே ஒரு வண்டிக்கு மட்டும்தான் இடம், ஓட்டுநர் ஹாரனை அடித்துக்கொண்டே நுழைகிறான், ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் நேர் கீழே ஃபிராத் ஆறு பச்சையாக ஓடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த துவா எல்லாவற்றையும் ஓதினேன். உன் அப்பா ஓட்டுநரிடம் தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் என்கிறார். அவன் திரும்பிப் பார்த்து, "மாமா, ஓரம் எங்க இருக்கு? ஓரம் இருந்தா நானே நிறுத்தி ஒரு டீ குடிச்சிருப்பேனே" என்றான். வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஊர் அப்படியே இருக்கிறது. மலைச்சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக மர வீடுகள், கதவு கதவுக்கு இரும்பில் வேலைப்பாடு, எங்கே திரும்பினாலும் மல்பெரி மரம், தெருவுக்கு அடியில் ஓடுகிற தண்ணீர்ச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காய்ச்சல் அறை எனக்கு ஞாபகம் வந்தது. கடைத்தெருவில் மல்பெரியையும் வாதுமையையும் சேர்த்து இடித்து விற்கும் முஸ்லூம் என்ற கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். தொந்தியும் கலகலப்புமாக ஒரு மனிதர். ஒரு வீட்டைத் தேடுகிறேன் தம்பி, வருடக்கணக்காகிறது, அந்த வீட்டு மருமகள் எனக்கு ஓர் உதவி செய்தாள் என்றேன். பேர் என்ன அக்கா என்றார். பேர் தெரியாது, மருமகளே என்றுதான் கூப்பிட்டார்கள் என்றேன். அவர் இடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, எங்க அம்மாவைக்கூட எங்க பாட்டி சாகிறவரைக்கும் மருமகளேன்னுதான் கூப்பிட்டாங்க. எங்க அம்மாவுக்கு ஒரு பேர் இருக்குன்னே நான் பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்பதான் தெரிஞ்சுகிட்டேன். இந்த ஊர்ல போய் மருமகளைத் தேடறீங்களே!" என்றார். வீட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடும் என்றேன். "இங்க எந்த வீட்டுக்குக் கீழ ஓடல? எங்க வீட்டுக்கு அடியில ஓடுது, உள்ளயும் கொஞ்சம் ஓடுது" என்றார். உன் அப்பா இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு நின்றார், எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் போல இருந்தது.

கடைசியில் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த மாமியார் ஒரு கால் நொண்டி, எழுந்து வர முடியாததால் தடியால் செப்புப் பானை மூடியைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவாள், அந்தச் சத்தத்தில் நீ விழித்துக்கொள்வாய். இதைச் சொன்னதும் முஸ்லூம் தொடையில் அடித்தார். "அடடே, நொண்டி ஷெரிஃபே பாட்டி! அந்த மூடிச் சத்தம் கேட்டு இந்தத் தெருவே எழுந்திருக்கும் அக்கா. பெரிய மனுஷி, நல்லவங்க. பாட்டி போயாச்சு, வீடு பூட்டிக் கிடக்கு. பெரிய பையன் தஹ்சின் குடும்பத்தோட இஸ்தான்புல் போனாரு. அவர் சம்சாரம் சானியே அக்கா, அவங்களை மாதிரி ஒரு இளகின மனசு இந்த ஊர்லயே கிடையாது, யார் பிள்ளை அழுதாலும் மடியில போட்டுக்குவாங்க, பாவம் சின்ன வயசுலயே போய்ட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். தஹ்சின். ஒக்தாயின் அப்பா பேர் தஹ்சின், அம்மா பேர் சானியே, நீதான் போனில் சொன்னாய். நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முஸ்லூம் வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், நான் குடித்தேன், நன்றி சொன்னேன், வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அத்தனை வேதனை மிச்சமாகியிருக்கும்.

உன் அப்பா படகுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார், படகுக்காரன் வந்து கூப்பிட்டான், வேண்டாம் என்று சொல்லும் தெம்புகூட இல்லாமல் ஏறிவிட்டேன். இருட்டுப் பள்ளத்தாக்கு என்று சும்மா பேர் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் பாறை ஏறி ஏறி மேலே வானம் ஒரு துணிக் கிழிசல் அளவுக்குத்தான் தெரிகிறது, தண்ணீர் சில்லென்று அசையாமல் கிடக்கிறது, படகின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. அழகுதான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது எதுவும் மனதில் ஒட்டவில்லை. உன் முகமே கண்ணுக்குள் நின்றது. இத்தனை வருடம் தனியாக இருந்து இப்போதுதான் ஒருவனைப் பற்றிப் பேசும்போது உன் குரலில் ஒரு சிரிப்பு வருகிறது, அதை நான் என் வாயால் கெடுக்க வேண்டும். உன் அப்பா படகுக்காரன் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார், "முனெவ்வெர், இது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். சானியே இல்ல, கிழவி இல்ல, தஹ்சினும் இல்ல. நாம வாயைத் திறக்கலன்னா யாருக்குத் தெரியப் போகுது?" என்று. அவரைத் திட்டாதே, உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னார். நான் சொன்னேன், "என் குழந்தை பசியில செத்துடாம காப்பாத்தினவளுக்கு நான் செய்யிற மரியாதை, அவ பால் கொடுக்கவே இல்லைன்னு சொல்றதா? என்னால முடியாது." உனக்கு எப்படிச் சொல்வது என்று கரை வரும்வரை வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

கரையில் இறங்கினால் முஸ்லூம் மூச்சு வாங்க நிற்கிறார், கையில் ஒரு பொட்டலம். நான் கடையில் வாங்கிய பண்டத்தை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன், அதைக் கொடுக்க அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கொடுத்துவிட்டு, "அக்கா, எதுக்கும் கேட்டுடறேன், நீங்க தேடினது சானியே அக்காவையா, ஹாஜெர் அக்காவையா? ஷெரிஃபே பாட்டிக்கு ரெண்டு மருமகளாச்சே, சின்னவர் காதிரோட சம்சாரம் ஹாஜெர் அக்கா இங்கதானே இருக்காங்க, மேல தோட்டத்துல" என்றார். இரண்டு மருமகள். எனக்கு அது தோன்றவே இல்லையடி! இருவரும் ஒரே மாதிரி வாய்வரை வெள்ளைத் துணி, இருவரையும் கூப்பிடுவது மருமகளே என்று, இருவருக்கும் பேச்சு கிடையாது. காய்ச்சலில் கிடந்த நான் இத்தனை வருடமாக இரண்டு பேரையும் ஒருத்தி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா முஸ்லூமைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் திருப்பிக் கொடுத்தார். தானே தன் வண்டியில் எங்களை மேலே கொண்டுபோய்த் திரும்பும்வரை கூடவே இருந்தார், பெட்ரோலுக்குக்கூட எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

தோட்டத்தில் மல்பெரி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு அடியில் பெரிய வெள்ளைத் துணியை நாலைந்து பெண்கள் பிடித்துக்கொண்டு நிற்க, மரத்தின்மேல் ஒருவன் கிளையை மிதித்து உலுக்க, பழம் மழைபோலக் கொட்டுகிறது. நடுவில் கட்டையாக, வெயிலில் கறுத்து, கையெல்லாம் பிசுபிசுப்பாக ஒருத்தி எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் வாயே திறக்காதவள் இப்போது வட்டியும் முதலுமாகப் பேசுகிறாள். நான் வாயெடுப்பதற்குள், "தங்கச்சி, சும்மா நிக்காத, அந்த மூலையைப் பிடி, தொங்குது பாரு" என்றாள். நான் யார் என்று கேட்கவில்லை. கைப்பையைப் புல்லில் போட்டுவிட்டுத் துணியின் மூலையைப் பிடித்தேன். உன் அப்பாவைப் பார்த்து, "நீங்க ஏன் கம்பம் மாதிரி நிக்கிறீங்க அண்ணே, அந்தக் கூடையை இப்படி நகர்த்துங்க" என்றாள், வாத்தியார் மறுபேச்சுப் பேசாமல் கூடையை நகர்த்தினார். அந்த மரம் முடிந்து எல்லாரும் மோர் குடிக்க உட்கார்ந்த பிறகுதான் பனிக்காலத்துக் கதையைச் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை, காய்ச்சலோடு ஒருத்தி வந்தாள், கைக்குழந்தை இருந்தது என்றதும் அவள் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"வலது பக்கம் மட்டும்தான் குடிப்பா" என்றாள். "இடது பக்கத்தைக் கொண்டு போனா மூஞ்சியைத் திருப்பிக்குவா, கழுதை. அந்தப் பக்கம் பால் கட்டிக்கிட்டு எனக்கு உயிர் போகும். எத்தனை கெஞ்சினேன், கேட்டாளா?" குல்ச்சின், அது உன்னைப் பெற்ற எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். உன் பிடிவாதத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கே தெரியாது. நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன், அவளும் அழுதாள், சுற்றி இருந்த பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். நான் அவளிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டேன், நீ மட்டும்தானா, சானியே ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லையா, நன்றாக யோசித்துச் சொல் என்று. "அவ எங்க கொடுப்பா? அவ பையன் பால் மறந்து ஒரு வருஷம் ஆச்சு, அவகிட்ட ஒரு சொட்டு கிடையாது. அவ தாலாட்டுவா, நான் பால் கொடுப்பேன். அந்தப் பய ஒரு தடவை உன் பொண்ணு வாயில காய்ஞ்ச மல்பெரியைத் திணிக்கப் பாத்தான், கையிலேயே ஒண்ணு வச்சேன்" என்றாள். அந்தப் பயல் உன் ஒக்தாய்தான். அவன் உனக்கு ஊட்ட வந்த முதல் பண்டம் அது, அடி வாங்கியதும் அதற்குத்தான், அவனிடம் சொல்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை, அந்த ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் போனோம். இளைஞர், நிதானமாகக் கேட்டார், தஸ்பீஹ் மணியை ஒவ்வொன்றாக நகர்த்தி இது ஹாஜெர், இது காதிர், இது தஹ்சின் என்று உறவைப் போட்டுப் பார்த்தார். ஹாஜெரிடம் குடித்ததால் உங்கள் பெண் ஹாஜெருக்கும் காதிருக்கும் மகள், அந்தப் பையன் காதிரின் அண்ணன் மகன், சொந்தச் சித்தப்பா பெண்ணையே கட்டிக்கொள்ள நமக்குத் தடையில்லாதபோது பால் வழிச் சித்தப்பா பெண்ணைக் கட்ட என்ன தடை, மனதில் ஒன்றும் வைக்காமல் நடத்துங்கள் என்றார். உன் அப்பா அவர் கையைப் பிடித்து ஆட்டிய ஆட்டலில் மணி அறுந்துவிடுமோ என்று பயந்தேன். நீ இனிமேல் மண்டபத்துக்கு நாள் குறிக்கலாம் கண்ணே. இப்போது கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, முக்கியமானது இனிமேல்தான் இருக்கிறது.

தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும், அந்த மருமகளுக்கென்று கைசேரியிலிருந்து எடுத்துப் போன சால்வையையும் வெள்ளிக் காப்பையும் ஹாஜெர் மடியில் வைத்தேன். நீ இல்லை என்றால் என் பெண் இல்லை, இத்தனை காலம் உன் பேர்கூடத் தெரியாமல் உனக்காகத் துவா செய்தேன், மருமகள் என்றுதான் இறைவனிடமும் சொன்னேன் என்றேன். அவள் காப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப என் மடியிலேயே வைத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்ததற்கு முந்தின வாரம்தான் அவளுடைய தலைச்சன் குழந்தை போய்விட்டதாம், பெண் குழந்தை, பேர் வைத்த கையோடு போயிற்றாம். மாமனார் மாமியார் முன்னால் மருமகள் அழக்கூடாது, அதனால் அடக்கிக்கொண்டு வேலை செய்தாளாம், மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்ததாம், செத்துப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். "அந்த நேரத்துல உன் பொண்ணு வந்து கத்தினா. நான் யாருக்கும் உதவி செய்யல தங்கச்சி, நீ என்னமோ தூக்கிவச்சுப் பேசற. அவ குடிச்சா, எனக்கு உயிர் வந்துச்சு. துணிக்குள்ள முகத்தை மூடிக்கிட்டு அவளை மடியில வச்சு அழுதேன், பால் கொடுக்கிறேன்னு நினைச்சு யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு அழறதுக்கு ஒரு இடம் கொடுத்தவ அவ" என்றாள். அப்புறம் அவளுக்குக் குழந்தை தங்கவே இல்லை. காதிரும் போய்விட்டார். வீட்டை விற்பதா வேண்டாமா என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டதில் ஒக்தாயையும் அவள் பார்க்கவில்லை, அவன் இப்போது ஜெர்மனியில் இருக்கிறான், கட்டிக்கொள்ளப் போவது தான் பால் கொடுத்த பெண்ணை என்று நான் சொல்லித்தான் தெரியும். கேட்டுவிட்டுச் சிரித்தாள், "அப்ப கல்யாணத்துல நான் மாப்பிள்ளை பக்கம் உக்காரணுமா, பொண்ணு பக்கம் உக்காரணுமா, அதைச் சொல்லு முதல்ல" என்றாள்.

கிளம்பும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்டேன். கொடுத்த பாலை மனதார விட்டுக்கொடுத்தேன், ஹலால் ஆகட்டும் என்று கொடுத்தவள் வாயால் சொல்ல வேண்டும் அல்லவா, என் பெண்ணுக்காக அதைச் சொல் அக்கா என்றேன். அவள் முடியாது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பாவும் கேட்டார், முஸ்லூமும் சொல்லிப் பார்த்தார், அவள் தலையை ஆட்டிவிட்டாள். "உனக்கு ஏன் சொல்லணும்? நீயா குடிச்ச? குடிச்சவ வரட்டும். என் எதிர்ல நின்னு அவ வாயால கேக்கட்டும், அப்ப சொல்றேன். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன், கல்யாணமே ஆனாலும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மல்பெரிக் கூடையை அடுக்கப் போய்விட்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வண்டி மலை இறங்கிப் பாதிவழி வந்த பிறகுதான் உறைத்தது. காப்பு வேண்டாம், சால்வை வேண்டாம், உன்னை ஒரு தடவை பார்க்க அவளிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான், அதை எப்படி என் கையில் சும்மா கொடுத்து அனுப்புவாள்.

ஆகவே கண்ணே, மண்டபத்துக்கு எந்த நாள் வேண்டுமானாலும் குறி, ஆனால் அதற்கு முன்னால் விடுமுறை எடுத்துக்கொண்டு ஒக்தாயோடு கெமாலியேக்குப் போ. அவன் சித்தியின் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளட்டும், பெரியவர்களின் சண்டை பெரியவர்களோடு போகட்டும். இத்துடன் ஹாஜெர் கொடுத்த காய்ந்த மல்பெரி ஒரு பை இருக்கிறது, அலுவலகத்தில் எல்லாருக்கும் பங்கு போட்டுவிடாதே, உனக்கென்று பொறுக்கி எடுத்துக் கட்டியது. இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இறைவன் உங்கள் இருவரையும் ஒரே தலையணையில் முதுமை காண வைக்கட்டும், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், தொட்டது துலங்கட்டும். இந்தப் பயணத்துக்காகவும், முஸ்லூமுக்காகவும், அவருடைய பொட்டலத்தை மறந்து வைத்த என் ஞாபகமறதிக்காகவும்கூட நான் தினமும் நன்றி சொல்கிறேன். உன் அப்பா உன் நெற்றியில் முத்தமிடுகிறார், படகில் எடுத்த போட்டோக்களை வேண்டாம் என்றாலும் அனுப்புவாராம்.

கடைசியாக ஒன்றே ஒன்று. அங்கே போனதும் அவளை என்னவென்று கூப்பிடுவது என்று நீ தயங்குவாய், என் முகம் நினைவுக்கு வரும். தயங்காதே. அம்மா என்று கூப்பிடு, உரக்கக் கூப்பிடு. எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உன் இரண்டு அம்மாக்களில் ஒருத்தி,
முனெவ்வெர்